ஒரு கட்டடத்த படிக்கறது எப்படி: ஸ்டைல் பேரு கடைசில வரட்டும்

ஆர்க்கிடெக்சர் ஹிஸ்டரி கத்துக்கணும்னு ஆரம்பிக்கறவங்க நெறைய பேரு ஒரே எடத்துல மாட்டிக்கறாங்க. டோரிக், அயோனிக், ரோமனெஸ்க், காதிக், பரோக், மாடர்ன், போஸ்ட் மாடர்ன்னு ஒரு நீள லிஸ்ட எடுத்து மனப்பாடம் பண்றாங்க, ஒவ்வொண்ணுக்கும் நாலு அடையாளம், கூரான ஆர்ச் இருந்தா காதிக், தூண் தலைல சுருள் இருந்தா அயோனிக், இப்படி. பரீட்சைக்கு அது போதும். ஆனா நெஜமான ஒரு கட்டடத்து முன்னாடி போய் நின்னா அந்த லிஸ்ட் பேர மட்டும் சொல்லிட்டு வாய மூடிக்கும், அது ஏன் அங்க அப்படி நிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லாது.

இங்க சொல்றது தலைகீழ் வழி. ஒரே ஒரு கட்டடத்த எடுத்துக்கிட்டு அதுகிட்ட சில கேள்விய ஒரு வரிசைல கேக்கறது, ஸ்டைல் பேர கடைசில எழுதறது, எழுத வரலேன்னா காலியா விட்டுடறது. இதுல மொதல் கேள்விதான் ரொம்ப முக்கியம்: எடை எந்த வழியா தரைக்கு எறங்குது. இத ஒழுங்கா பாத்துட்டா பாதி ஹிஸ்டரி தானா புரிஞ்சிரும், ஏன்னா மனுஷன் கட்டடம் கட்டுன கதைல பாதி, தலைக்கு மேல கூரை போட்டு அது விழாம பாத்துக்கிட்ட கததான்.

தேவையானது கம்மி. கட்டடத்தோட பிளான், ஒரு செக்ஷன், நாலஞ்சு போட்டோ, நோட்டு, பென்சில். பிளான்னா கட்டடத்த ஜன்னல் உயரத்துல படுக்கவாட்டுல வெட்டி மேலேருந்து பாக்கறது, செக்ஷன்னா செங்குத்தா வெட்டி பக்கத்துலேருந்து பாக்கறது. மொதல் தடவைக்கு உலகத்துக்கே தெரிஞ்ச கட்டடமா எடுங்க, அப்பதான் டிராயிங் சுலபமா கெடைக்கும். போட்டோவ மட்டும் வச்சுக்கிட்டு ஆரம்பிக்காதீங்க, போட்டோ எடுத்தவரு அழகா தெரியற மூலையத்தான் காட்டியிருப்பாரு. நேர்ல போக முடிஞ்சா ரொம்ப நல்லது, ஆனா பிளான கைல வச்சுக்கிட்டு போங்க.

ஒரு விஷயம் சொல்லிட்டு போயிடறேன். கி.மு. முதல் நூற்றாண்டுல ரோம்ல இருந்த விட்ருவியஸ்ங்கற ஆர்க்கிடெக்ட் சொன்ன மூணு வார்த்தைய எந்த தியரி புத்தகத்த தொறந்தாலும் பாக்கலாம்: உறுதி, பயன், அழகு. கிரேக்க ரோமக் காலத்துலேருந்து கட்டடக்கல பத்தி முழுசா நமக்கு வந்து சேந்தது அவரோட பத்து பாக புத்தகம் மட்டும்தான், அதுல இருந்த படங்களும் தொலஞ்சு போச்சு, அதனால பின்னால இத்தாலில ரினைசான்ஸ், அதாவது மறுமலர்ச்சி காலத்து ஆளுங்க அவர் சொன்னத வச்சு தங்களுக்கு தோணுன மாதிரி படம் போட்டுக்கிட்டாங்க. இந்த மூணு வார்த்தையும் மூணு தனி மார்க் இல்ல. உறுதிக்கும் அழகுக்கும், இல்ல பயனுக்கும் அழகுக்கும் எங்க சண்ட வருதுன்னு தேடுங்க, அந்த எடத்துலதான் ஆர்க்கிடெக்ட் என்ன முடிவு எடுத்தாருன்னு தெரியும்.

எடை எங்க எறங்குது

செக்ஷன விரிச்சு வச்சுக்கிட்டு கூரைலேருந்து பென்சில்ல அம்புக்குறி போட்டுக்கிட்டே வாங்க. கூரை எது மேல உக்காந்திருக்கு, அது எது மேல, அது எது மேல, தரை வர்ற வரைக்கும். எங்கயாவது அம்புக்குறி அந்தரத்துல நின்னுச்சுன்னா நீங்க எதையோ கவனிக்கல, திரும்ப பாருங்க.

கல்லு இருக்கே, அமுக்குனா எவ்வளவோ தாங்கும், இழுத்தா தாங்காது. ரெண்டு தூண் மேல ஒரு கல்லு உத்தரத்த வச்சா அது லேசா தொய்யப் பாக்கும், மேல்பக்கம் அமுங்கும், அடிப்பக்கம் இழுபடும், அந்த அடிப்பக்கத்துலதான் விரிசல் விடும். அதனாலதான் கல்லு உத்தரம் போட்ட எடமெல்லாம் தூணு நெருக்கமா இருக்கும். எகிப்துல கர்னாக் கோயில்ல ஒரே மண்டபத்துல 134 தூண். அத பாத்துட்டு கம்பீரம், தெய்வீகம்னு எழுதறவங்க உண்டு, எழுதட்டும், தப்பில்ல, ஆனா தூணு கம்மியா இருந்திருந்தா கூரை உள்ள வந்திருக்கும்ங்கறத அதுக்கு முன்னாடி எழுதணும்.

ஆர்ச் இல்லாமலே உள்ள பெரிய எடம் வேணும்னா இன்னொரு வழி இருந்துச்சு. ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ் வரிசைய விட கொஞ்சம் உள்பக்கம் நீட்டி நீட்டி வச்சுக்கிட்டே போய் மேல மூடிடறது. கிரீஸ்ல மைசினில ஏட்ரியஸ் கருவூலம்னு சொல்ற கல்லறை கி.மு. 13, 14ம் நூற்றாண்டு வாக்குல இப்படி கட்டுனது, உள்ள 14 மீட்டருக்கு மேல அகலம். 1010ல முடிஞ்ச தஞ்சாவூர் பெரிய கோயில் விமானமும் உள்ள கூடுதான், அதே மாதிரி கல்ல உள்ள நீட்டி நீட்டி ஏத்துனதுதான். இதுல அம்புக்குறி கிட்டத்தட்ட நேரா கீழ எறங்கும், பக்கத்துல தள்றது கம்மி. ஆனா கல்லு ஏகத்துக்கும் செலவாகும்.

ஆர்ச் வந்ததும் கதை மாறுது. ஆப்பு மாதிரி செதுக்குன கல்லு ஒண்ண ஒண்ணு அமுக்கிக்கிட்டு நிக்கும், இழுவையே கெடையாது, அதனால சின்னச் சின்ன கல்ல வச்சே பெரிய அகலத்த தாண்டலாம். ஒரே சிக்கல், அது ரெண்டு பக்கமும் வெளிய தள்ளும். இனிமே நீங்க எந்த ஆர்ச்ச பாத்தாலும், எந்த டோம, அதாவது குவிமாடத்த, பாத்தாலும் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: இந்த தள்ளல யாரு வாங்கிக்கறா? ஆயிரத்தைநூறு வருஷ ஐரோப்பிய ஹிஸ்டரிய இந்த ஒரு கேள்விய வச்சே ஓட்டிடலாம், கொஞ்சம் மிகைதான், ஆனா முயற்சி பண்ணி பாருங்க.

வீட்லயே ஒரு சோதனை பண்ணலாம். 1675ல ராபர்ட் ஹூக் கண்டுபிடிச்சு சொன்னது: ஒரு சங்கிலிய ரெண்டு முனையில புடிச்சு தொங்கவிட்டா அது முழுக்க இழுவைல இருக்கும், அதே வளைவ அப்படியே தலைகீழா திருப்பி கல்லுல கட்டுனா முழுக்க அமுக்கத்துல நிக்கும். இப்ப ஒரு ஆர்ச்சோட செக்ஷன பிரின்ட் எடுத்து தலைகீழா சுவத்துல ஒட்டுங்க, மெல்லிசான ஒரு செயின அதோட ரெண்டு கால் எடத்துலயும் புடிச்சு தொங்கவிடுங்க. செயின் வளைவு ஆர்ச்சோட கனத்துக்குள்ளயே அடங்குச்சுன்னா அது நிக்கும், வெளிய போச்சுன்னா அந்த எடத்துல வேற ஏதாவது முட்டு குடுத்திருப்பாங்க, போய் தேடுங்க. தோராயமான சோதனைதான், ஆனா வரி வரியா படிக்கறத விட இது கைக்கு நல்லா ஏறும். ஆர்க்கிடெக்ட் கௌடி ஸ்பெயின்ல பார்சிலோனா பக்கத்துல கொலோனியா குவெல் சர்ச்சுக்கு இதே மாதிரி கயித்துல குட்டி குட்டி மூட்டைய தொங்கவிட்டுத்தான் வடிவத்த கண்டுபிடிச்சாரு.

இப்ப அந்த கேள்வியோட ரோம்ல பாந்தியன்ங்கற பழைய ரோமக் கோயில் உள்ள போங்க. டோம் அகலம் 43 மீட்டர் சொச்சம், கம்பி இல்லாத வெறும் கான்கிரீட்டு, இன்னிக்கும் கம்பி போடாத கான்கிரீட் டோம்ல உலகத்துலயே பெருசு அதுதான். தள்ளல யாரு வாங்கறா? சுத்தி இருக்கற 6 மீட்டர் கனமான சுவரு வாங்குது. அதோட நிக்கல, மேல போகப் போக டோம மெல்லிசாக்கிட்டே போறாங்க, கான்கிரீட்டுல போடற ஜல்லியையும் மாத்திக்கிட்டே போறாங்க, அடில கனமான கல்லு, உச்சில நுரைக்கல்லு, நட்ட நடுவுல எடையே வேணாம்னு ஓட்டைய விட்டுட்டாங்க. அந்த ஓட்ட வழியா வர்ற வெளிச்சத்த பாத்து எல்லாரும் சொக்கிப் போறாங்க, சொக்க வேண்டியதுதான், ஆனா அது எடைக் கணக்குக்கும் சேத்துதான் இருக்கு. மழையும் உள்ள விழும், தரைல தண்ணி போக ஓட்ட வச்சிருக்காங்க.

அடுத்தது இஸ்தான்புல்ல சர்ச்சா கட்டுன ஹேகியா சோஃபியா. 532ல ஆரம்பிச்சு 537ல முடிச்சிட்டாங்க, அஞ்சே வருஷம், கட்டுனவங்க ஆந்திமியஸ், இசிதோர்னு ரெண்டு பேரு, ரெண்டு பேருமே கணக்குல புலி. இங்க டோம் வட்டமான சுவரு மேல உக்காரல, நாலு ஆர்ச்சு மேல உக்காருது, வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவுல நாலு மூலைலயும் பென்டென்டிவ்ங்கற முக்கோண வளைவு. கெழக்கயும் மேக்கயும் அரை டோம் வந்து முட்டு குடுக்குது. வடக்கயும் தெக்கயும் அந்த முட்டு கெடையாது. பிளான்ல இத நீங்களே பாக்கலாம், பாத்தா கொஞ்சம் பயமா இருக்கும், பயம் நியாயந்தான், பூகம்பத்துக்கு அப்புறம் 558ல டோம் எறங்கிருச்சு. திரும்ப கட்டுனப்ப 6 மீட்டர் போல உயரத்த கூட்டுனாங்க, ஏன்னா சப்பையான டோம் அதிகமா வெளிய தள்ளும், எழும்புன டோம் கம்மியா தள்ளும். உடஞ்சத திரும்ப எப்படி கட்டுனாங்கன்னு பாக்கறத விட நல்ல வாத்தியார் கெடையாது.

காதிக் சர்ச்சும் இதே கேள்விக்கு இன்னொரு பதில்தான். அரை வட்ட ஆர்ச்ச விட கூரான ஆர்ச் கம்மியா தள்ளும், அகலம் மாறுனாலும் உயரத்த ஒண்ணா வச்சுக்கலாம், மிச்ச தள்ளல வெளிய பறக்கற மாதிரி நிக்கற முட்டு, அதாவது ஃப்ளையிங் பட்ரஸ், வாங்கி கீழ கொண்டு போயிரும். அப்ப சுவருக்கு வேலையே இல்ல, அத எடுத்துட்டு கண்ணாடி போட்டுடலாம். பாரிஸ் பக்கத்துல சான் தெனி சர்ச்சுல 1144ல முடிஞ்ச பகுதிய பாத்தா அந்த ஆரம்பம் தெரியும். எவ்வளவு தூரம் போகலாம்னு தெரியணுமா, பிரான்ஸ்ல பொவே சர்ச்ச பாருங்க. உள்ள 48 மீட்டர் உயரத்துக்கு தூக்குனாங்க, 1284ல ஒரு பகுதி விழுந்துச்சு, இடைல கூடுதல் தூண் போட்டு திரும்ப எழுப்புனாங்க, அப்புறம் 16ம் நூற்றாண்டுல 150 மீட்டருக்கு மேல ஒரு கோபுரம், அது 1573ல விழுந்துச்சு, சர்ச்சுக்கு முன்னாடி ஜனங்க கூடற நீள மண்டபம் இன்னிவரைக்கும் கட்டப்படவே இல்ல. பொவேவோட பிளான பாத்தா தலை மட்டும் இருக்கும், உடம்பு இருக்காது.

இத்தாலில ஃப்ளாரன்ஸ் பெரிய சர்ச்சுக்கு வெளில பட்ரஸ் வேணாம்னுட்டாங்கறதால, புருனலெஸ்கி டோமுக்கு உள்ளயே கல்லுலயும் மரத்துலயும் வளையம் போட்டு இறுக்கிக் கட்டுனாரு. 1420லேருந்து 1436 வரைக்கும் வேல, தரைலேருந்து சென்ட்ரிங் அடிக்காம, ரெண்டு அடுக்கு ஓடா, செங்கல்ல மீன் முள்ளு மாதிரி கோத்துக் கோத்து ஏத்துனாங்க, ஒவ்வொரு சுத்தும் முடிஞ்சதும் தானே நிக்கற மாதிரி. சென்ட்ரிங் பத்தி தெரிஞ்சவங்களுக்குத்தான் இதோட தைரியம் புரியும்.

அப்புறம் இரும்பு. இத புரிஞ்சிக்க சிகாகோல மொனாட்னாக்னு ஒரே ஒரு பில்டிங் போதும். வடக்கு பாதி 1891ல முடிஞ்சுது, 16 மாடி, எடை முழுக்க செங்கல் சுவரு மேல, அதனால அடில சுவரு கனம் 6 அடி. தெக்கு பாதி 1893, அதுல ஸ்டீல் ஃப்ரேம், சுவரு வெறும் போர்வ. ரெண்டு வருஷ இடைவெளில, ஒரே பில்டிங்ல, பழைய உலகமும் புது உலகமும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி நிக்குது. கீழ்த்தளத்து பிளான்ல சுவரோட கனத்த மட்டும் ஒப்பிட்டு பாருங்க, லெக்சர் தேவையில்ல. இதுக்கு முன்னாடியே 1885ல ஹோம் இன்சூரன்ஸ் பில்டிங் மெட்டல் ஃப்ரேமோட வந்தாச்சு, 1850கள்ல ஓடிஸ் கயிறு அறுந்தாலும் விழாத லிஃப்ட்ட காட்டியாச்சு. லிஃப்ட் இல்லேன்னா பத்தாவது மாடிக்கு யாரு வாடக குடுப்பா? டெக்னாலஜின்னு சொல்றப்ப எல்லாரும் ஸ்டீல மட்டும் சொல்லிட்டு லிஃப்ட்ட விட்டுடறாங்க, அது அநியாயம்.

கம்பி போட்ட கான்கிரீட்டும் அந்த காலத்துல வந்ததுதான். உத்தரத்தோட அடிப்பக்கம் இழுபடும்னு சொன்னேன்ல, அந்த எடத்துல கம்பிய வச்சிட்டா இழுவைய கம்பி வாங்கிக்கும், அமுக்கத்த கான்கிரீட் வாங்கிக்கும். கர்னாக்ல 134 தூண் கேட்ட பிரச்சனைக்கு மூவாயிரம் வருஷம் கழிச்சு கெடச்ச பதில்னு வச்சுக்கோங்க.

பிளான்ல நடந்து பாருங்க

எடை முடிஞ்சதும் பிளானுக்கு வாங்க. மொதல்ல கருப்பா தடிமனா இருக்கறத மட்டும் பாருங்க, அதுதான் சுமக்கற பகுதி. கருப்பு பட்டையா தொடர்ச்சியா ஓடுனா சுவரு சுமக்குது, அப்ப ரூம் அளவெல்லாம் சுவரு சொல்றபடிதான். கருப்பு புள்ளி புள்ளியா இருந்தா தூண் சுமக்குது, சுவர எங்க வேணா போடலாம். ஆர்க்கிடெக்ட் லெ கொர்பூசியே 1914ல வரஞ்ச டோமினோ படம், மூணு ஸ்லாப், ஆறு தூண், ஒரு படிக்கட்டு, அவ்வளவுதான், அது சொல்ற விஷயமே இதுதான். 1931ல முடிஞ்ச வில்லா சவோயில அத வீடா பாக்கலாம்.

அப்புறம் வாசல்லேருந்து பென்சில்ல நடங்க. எங்க திரும்பறோம், எங்க குறுகுது, எங்க திடீர்னு பெருசாகுது, எங்க படி ஏறறோம். இப்படி ஒரு கோடு போட்டா யாரு எது வரைக்கும் போகலாம்னு அந்த கட்டடம் முடிவு பண்ணி வச்சிருக்கறது தெரியும், அரண்மனை ஆகட்டும் ஆஸ்பத்திரி ஆகட்டும் அதிகாரம் பிளான்ல ஒளிஞ்சுக்க முடியாது. வேலக்காரங்க படிக்கட்டு எங்க இருக்குன்னு தேடறது என்னோட தனிப்பட்ட பழக்கம், பழைய பெரிய மாளிகை எதுலயும் அத தேடுனா நிச்சயம் ஏதாவது சிக்கும்.

அமெரிக்க ஆர்க்கிடெக்ட் லூயி கான் குடுத்த ஒரு பிரிவு இங்க உதவும்: சேவை செய்யற எடம், சேவை வாங்கற எடம். படிக்கட்டு, டாய்லெட், பைப், ஏசி டக்ட் எல்லாம் மொத வகை, மனுஷங்க இருக்கற ரூம் ரெண்டாவது வகை. ரெண்டு கலர் பென்சில்ல பிளான நிரப்பி பாருங்க. கானோட ஃபிலடெல்ஃபியா ரிச்சர்ட்ஸ் லேப்ல படிக்கட்டும் புகைக் குழாயும் தனித்தனி செங்கல் கோபுரமா வெளிய நிக்கும், பாரிஸ்ல 1977ல தொறந்த பொம்பிடு சென்டர்ல பைப்பெல்லாம் வெளில, காத்துக்கு நீலம், தண்ணிக்கு பச்ச, கரன்ட்டுக்கு மஞ்சள், ஆளுங்க ஏறி எறங்கறதுக்கு சிவப்பு. ரெண்டும் பாக்க சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும், கலர் அடிச்சா அண்ணன் தம்பி. ரிச்சர்ட்ஸ் லேப்ல வேல பாத்த விஞ்ஞானிங்க வெயில் கண்ணுல அடிக்குதுன்னு ஜன்னல்ல அலுமினிய ஃபாயில் ஒட்டிக்கிட்டதும் ஹிஸ்டரிலதான் சேரும்.

வெளிச்சத்துக்கும் காத்துக்கும் தனியா ஒரு பக்கம் ஒதுக்குங்க, பெருசா எழுத வேணாம், செக்ஷன்ல சூரியன் எந்தப் பக்கம், சூடான காத்து எந்த வழியா வெளிய போகுதுன்னு குறிச்சா போதும். எகிப்துல ஆர்க்கிடெக்ட் ஹசன் ஃபாத்தி 1940கள்ல நியூ குர்னா கிராமத்த மண் செங்கல்ல கட்டுனாரு, சென்ட்ரிங் இல்லாத நூபிய கமான், காத்த புடிச்சு உள்ள எறக்கற பழைய முறை, எல்லாமே சரியா யோசிச்சது. ஆனா யாருக்காக கட்டுனாரோ அந்த ஜனங்க அங்க குடி போக விரும்பல. பிளான்ல இது தெரியாது, அதனாலதான் யாரு கேட்டாங்க, யாரு காசு குடுத்தாங்க, யாரு குடியிருந்தாங்கன்னு மூணு வரி கட்டாயம் எழுதிருங்க, மூணும் ஒரே ஆள்னா பிரச்சன இல்ல, மூணு வேற வேற ஆள்னா கத அங்கதான் இருக்கு.

முகம் சொல்றத அப்படியே நம்பாதீங்க

இப்பதான் வெளிய வந்து எலிவேஷன, அதாவது வெளி முகத்த, பாக்கணும். கேள்வி: உள்ள நடக்கறதத்தான் வெளிய காட்டுதா, இல்ல வேற ஏதாவது சொல்லுதா? வேற சொன்னா உடனே பொய்னு தீர்ப்பு எழுதிராதீங்க.

நியூயார்க்ல மீஸ் வான் டெ ரோ கட்டுன சீக்ரம் பில்டிங், 1958. மாடர்ன் ஆளுங்க எல்லாரும் நேர்மையான கட்டமைப்புன்னு கையெடுத்து கும்பிட்ட பில்டிங். ஆனா அமெரிக்காவுல தீ விதிப்படி ஸ்டீல கான்கிரீட்டுக்குள்ள மூடணும், அப்ப ஸ்டீல் வெளிய தெரியாது, அதனால மீஸ் வெங்கலத்துல ஐ வடிவ பட்டைய செஞ்சு வெளிப்பக்கம் கீழேருந்து மேல வரைக்கும் ஒட்டுனாரு. அது கூரையையும் தாங்கல ஸ்லாபையும் தாங்கல. உள்ள ஸ்டீல் இருக்குன்னு சொல்றதுக்காக ஒட்டுன அலங்காரம் அது. சரி, கிரேக்கக் கோயில்ல தூணுக்கு மேல வரிசையா மூணு கோடு போட்ட ட்ரைக்ளிஃப் இருக்கே, மரக் கோயில் காலத்துல உத்தர முனை தெரிஞ்ச எடம் அதுன்னு விட்ருவியஸ் சொல்றாரு. கல்லுல கட்டறப்ப மரத்த ஞாபகமா செதுக்குனவங்களுக்கும் வெங்கலத்த ஒட்டுன மீஸுக்கும் எவ்வளவு தூரம்? எனக்கென்னவோ ரொம்ப தூரம் இல்லேன்னுதான் படுது.

கல்வெட்டையும் நம்பாதீங்க. பாந்தியன் நெத்தில அக்ரிப்பா கட்டுனார்னு பெரிய எழுத்துல இருக்கு, அத வச்சே ரொம்ப காலம் தேதி சொன்னாங்க, கடைசில செங்கல்ல குத்தியிருந்த முத்திரைய பாத்தப்பதான் பின்னால வந்த ரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்த ஒட்டுனதுன்னு தெரிஞ்சுது. அக்ரிப்பா கட்டுன பழசு எரிஞ்சு போச்சு, புதுசுலயும் அவர் பேரையே போட்டு விட்டுட்டாங்க. ஜப்பான்ல இசே ஆலயம் இன்னும் வேடிக்கை, 20 வருஷத்துக்கு ஒருதடவ பக்கத்து மனைல அப்படியே புதுசா கட்டுவாங்க, கடைசியா 2013ல. அத பழசுன்னு எழுதறதா புதுசுன்னு எழுதறதா? ரெண்டையும் எழுதுங்க.

அளவு விகிதம் பத்தி ஒரு எச்சரிக்கை. ஏதென்ஸ்ல இருக்கற பார்த்தினான் கோயில் முகத்துல தங்க விகிதம் (1.618) இருக்குன்னு ஒரு படம் சுத்திக்கிட்டே இருக்கும், எந்தப் படியிலேருந்து எந்த முனை வரைக்கும் அளக்கறோம்ங்கறத மாத்துனா விடையும் மாறும், ஆதாரமும் கெடையாது. அதுக்கு பதிலா உண்மைலயே அளந்து பாத்த விஷயத்த பாருங்க: கி.மு. 447லேருந்து 432 வரைக்கும் கட்டுன அந்த கோயிலோட மேடை 30.9க்கு 69.5 மீட்டர், அது 4க்கு 9. மேடை தட்டையா இருக்காது, நீளப் பக்கத்துல நடு எடம் 11 செ.மீ. போல எழும்பியிருக்கும், தூணுங்க லேசா உள்பக்கம் சாஞ்சிருக்கும். நேரா இருக்கற மாதிரி தெரியறதுல நேர்கோடே கிட்டத்தட்ட கெடையாது. இத விட்டுட்டு 1.618க்கு எதுக்கு போகணும்?

தியரிய சண்டையா படிங்க

தியரி புத்தகம் தூக்கம் வர்றதுக்கு காரணம் நாம அத பொன்மொழியா படிக்கறது. ஒவ்வொரு தியரி வாக்கியமும் யாருக்கோ எதிரா சொன்னது. அதனால வாக்கியத்துக்கு பக்கத்துல மூணு விஷயம் எழுதுங்க: எப்ப சொன்னாரு, யாரு மேல கோவம், அவரே கட்டுனது அதுக்கு ஒத்துவருதா. மூணாவதுலதான் சுவாரஸ்யம்.

1896ல அமெரிக்க ஆர்க்கிடெக்ட் லூயி சல்லிவன் வேலைய ஒட்டித்தான் வடிவம் வரும்னு சொன்னாரு, இன்னிக்கு அலங்காரமே கூடாதுங்கறவங்க எல்லாரும் அவரத்தான் சாட்சிக்கு கூப்பிடுவாங்க. ஆனா அதே வருஷம் முடிஞ்ச பஃபலோ கேரன்ட்டி பில்டிங் மேல இருந்து கீழ வரைக்கும் சுட்டமண் அலங்காரம். அதுக்கு முன்னாடி செயின்ட் லூயிஸ்ல வெய்ன்ரைட் பில்டிங்ல செங்குத்து பட்டையெல்லாம் ஒரே மாதிரி ஓடும், ஆனா ஒண்ணு விட்டு ஒண்ணுலதான் ஸ்டீல் தூண் இருக்கு, மிச்சது சும்மா. அப்ப அவர் சொன்ன வேலைங்கறது எடை தாங்கறது மட்டும் இல்ல, உயரமா தெரியறதும் அவருக்கு ஒரு வேலைதான்னு புரியும். கட்டடத்த பாக்காம வாக்கியத்த மட்டும் படிச்சா இது கெடைக்காது.

வியன்னால ஆர்க்கிடெக்ட் அடால்ஃப் லூஸ் அலங்காரத்த குற்றம்னு திட்டுனாரு. அரண்மனைக்கு நேர் எதுத்தாப்ல ஜன்னலுக்கு மேல எந்த வேலைப்பாடும் இல்லாம ஒரு பில்டிங் கட்டுனதும் ஊரே புருவம் இல்லாத வீடுன்னு கேலி பண்ணுச்சு, கடைசில ஜன்னல்ல பூந்தொட்டி வச்சு சமாதானம் ஆச்சு. கீழ் மாடிகள பாத்தா கோடு கோடா ஓடற பளிங்கு, அதெல்லாம் அவர் கணக்குல அலங்காரம் இல்லயாம். மீஸ் கம்மியா இருந்தாத்தான் நிறைவுன்னாரு, அமெரிக்க ஆர்க்கிடெக்ட் ராபர்ட் வென்ச்சூரி 1966ல எதிர்ப் பக்கம் நின்னுக்கிட்டு கம்மின்னா போரடிக்குதுன்னாரு. இந்த ரெண்டு பேரையும் அடுத்தடுத்து படிச்சீங்கன்னா போஸ்ட் மாடர்ன் பத்தி தனியா நோட்ஸ் எடுக்க வேண்டியதே இல்ல.

ஒரு கட்டடத்த வச்சு ஒரு தியரிய மொத்தமா கொன்னுட்டோம்னு சொல்றவங்கள மட்டும் சந்தேகத்தோட பாருங்க. செயின்ட் லூயிஸ்ல ஏழைங்களுக்கு கட்டுன அரசு குடியிருப்பு ப்ரூயிட் ஐகோ, 33 பில்டிங், ஒவ்வொண்ணும் 11 மாடி, 1972ல இடிக்க ஆரம்பிச்சாங்க, அந்த தூசில மாடர்ன் ஆர்க்கிடெக்சர் செத்துச்சுன்னு எழுதுனாங்க. டிசைன்ல கோளாறு இருந்துச்சு, மறுக்கல. ஆனா பராமரிப்புக்கு காசு குடியிருந்த ஏழைங்களோட வாடகைலேருந்தே வரணும்னு வச்சிருந்தாங்க, ஊரு மக்கள்தொகை கொறஞ்சுக்கிட்டே இருந்துச்சு, நிறவெறிப் பிரிவினையும் கூட. லிஃப்ட் ரிப்பேருக்கு காசு இல்லாத 11 மாடி எந்த ஸ்டைல்ல இருந்தாலும் நரகம்தான்.

அதனால கட்டடம் தொறந்த நாள் போட்டோவோட நிறுத்தாதீங்க, பத்து இருபது வருஷம் கழிச்சு என்ன ஆச்சுன்னு ஒரு பத்தி. வில்லா சவோய் ஒழுகுச்சு, வீட்டுக்காரம்மா லெட்டர் மேல லெட்டர் போட்டாங்க. அமெரிக்காவுல ஃபாலிங் வாட்டர்ங்கற வீட்டுல நீட்டி விட்ட பால்கனி தொங்க ஆரம்பிச்சு 2002ல கேபிள் போட்டு இழுத்து நிறுத்துனாங்க. ரெண்டும் மகத்தான வீடுங்கறதுல எனக்கு சந்தேகமில்ல, ஆனா மகத்தானதுன்னு எழுதற அதே பக்கத்துல ஒழுகுனதும் இருக்கட்டும்.

எல்லாத்தையும் ஒருதடவ சேத்து பழக சிட்னி ஆபரா ஹவுஸ எடுங்க, ஏன்னா அதுல எடைக் கேள்விக்கு பதில் தெரியாமலே வேல ஆரம்பிச்சாங்க. 1957ல ஆர்க்கிடெக்ட் யூட்சோன் டிசைன் போட்டில ஜெயிச்சாரு, 1959ல அடித்தளம் போட ஆரம்பிச்சாச்சு, கூரைய எப்படி கட்டறதுன்னு 1961லதான் பிடிபட்டுச்சு: கூரை ஓடு எல்லாத்தையும் 75 மீட்டர் ஆரம் உள்ள ஒரே கோளத்துலேருந்து வெட்டி எடுத்த துண்டா வச்சுக்கிட்டா ஒரே மாதிரி வார்ப்பு துண்டுகள திரும்பத் திரும்ப வாக்கலாம். செக்ஷன்ல அம்புக்குறி போட்டா அது ஓடு மாதிரி வேல செய்யலேன்னு தெரியும், பக்கத்துல பக்கத்துல நிக்கற கான்கிரீட் விலா எலும்பு. ஏற்கனவே போட்ட தூண் பலம் பத்தாம திரும்ப பலப்படுத்த வேண்டி வந்துச்சு, 1966ல யூட்சோன் விலகிட்டாரு, உள்பக்கத்த வேற ஆளுங்க முடிச்சாங்க, 1973ல தொறந்தாங்க, 7 மில்லியன் டாலர்னு சொன்னது 102 மில்லியன்ல நின்னுச்சு. யாரு கேட்டாங்க, யாரு குடுத்தாங்கங்கற மூணு வரிக்கு இங்க ஒரு பக்கமே ஆகும், லாட்டரி வித்துதான் பெரும்பகுதி காசு வந்துச்சு.

ஒரு கட்டடத்துக்கு ரெண்டு மூணு பக்கம் எழுதுனா போதும். அடுத்ததா எத எடுக்கறதுங்கறதுல கொஞ்சம் யோசிங்க, காலவரிசைப்படி போக வேணாம், அதே பிரச்சனைக்கு வேற பதில் குடுத்தத எடுங்க. ஹேகியா சோஃபியா முடிச்சிருந்தா அடுத்தது துருக்கில எடிர்னேல ஆர்க்கிடெக்ட் சினான் 1575ல முடிச்ச செலிமியே மசூதி, டோம் அகலம் ரெண்டுலயும் கிட்டத்தட்ட 31 மீட்டர்தான், ஆனா நாலு தாங்கிக்கு பதிலா எட்டு, எல்லா பக்கமும் முட்டு சமமா. ரெண்டு பிளானையும் ஒரே அளவுகோல்ல டிரேஸிங் பேப்பர்ல வரஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு வச்சு பாருங்க.